கீரையும் குளிசையும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் சிறிய தந்தையார் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்திரண்டு. கோயிலிற் புராணபடனம் நடைபெறும் நாட்களிற் பயன் சொல்வதற்கு ஊரவர் அவரையே அழைப்பர். ஒலிபெருக்கி இல்லாமலே வெளிவீதிவரை கேட்கும் குரல் அவருடையது.

அன்று அவர் சோர்ந்திருந்தார். சில மாதங்களாக நெஞ்சு படபடத்ததென்றும், படியேறினால் மூச்சு வாங்கிற்றென்றும் கூறினார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த வைத்தியர், 'ஏற்றியல் பிப்ரிலேஷன்' என்று நோயின் பெயரைச் சொல்லி, இரத்தம் உறையாதிருக்க 'வார்பரின்' என்னுங் குளிசையைக் கொடுத்திருந்தார். ஆனால் அயலவர் ஒருவர், அந்தக் குளிசை எலிநஞ்சென்றும், அதை உட்கொள்வோர் பச்சை இலை எதனையும் தொடவே கூடாதென்றும் அவர் மனத்திற் பதித்துவிட்டார்.

"தம்பி, நீ படிச்சவன், சொல்லு பாப்பம். வாழ்நாள் முழுக்க முருங்கையிலையை விட்டிட்டு எலிநஞ்சைத் தின்னச் சொல்லுகினம். சாப்பாட்டாலை இதைச் சுகப்படுத்த ஏலாதோ?" என்று கேட்டார்.

நான் வைத்தியம் படித்தவனல்லன். ஆயினும் பட்டதாரி ஆசிரியன் என்ற மதிப்பினால் அவர் கேட்டார். அம்மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையினால் நான் பதில் சொன்னேன். "உணவே மருந்தெண்டுதானே பெரியவையள் சொல்லியிருக்கினம், சித்தப்பா" என்றேன். அவர் முகம் மலர்ந்து எழுந்து சென்றார்.

வார்பரினை நிறுத்தினார். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய மக்னீசியக் குளிசையும் உள்ளிச்சத்துக் குளிசையும் அதன் இடத்துக்கு வந்தன. காலையில் இலைக்கஞ்சி, மதியம் முருங்கையிலை வறை என்று நான்கு மாதங்கள் கழிந்தன. ஐந்தாம் மாதத்தில் ஒருநாட் காலை, திருநீறு அணிவதற்குக் கையை உயர்த்த முயன்றார், வலக்கை எழவில்லை. சிற்றன்னையாரை அழைக்க வாய் திறந்தார்; சொல் வரவில்லை.

அந்நாளின் பின்னரே இந்நோயைப் பற்றி நான் முறையாகப் படித்தேன். வைத்தியர்களிடம் கேட்டும் தெளிந்தேன். அன்று அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியவற்றை இன்று வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

நோய் யாது?

இருதயத்தில் மேலே இரண்டு சோணையறைகளும், கீழே இரண்டு இதயவறைகளும் உள்ளன என்பதை மாணவர் அறிவர். வலச் சோணையறையில் உள்ள ஒரு சிறு கணு, ஓய்வாயிருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின் துடிப்பை எழுப்புகின்றது. அதன் தாளத்துக்கு நான்கு அறைகளும் இயங்குகின்றன.

இந்நோயில் அத்தாளம் கெட்டுவிடுகின்றது. சோணையறைகளின் பல பகுதிகளிலிருந்து நிமிடத்துக்கு 300க்கும் மேற்பட்ட மின் துடிப்புகள் ஒழுங்கின்றி எழ, அவ்வறைகள் சுருங்கி விரிவதை விட்டு வெறுமனே நடுங்குகின்றன. அத்துடிப்புகளுட் சில மட்டுமே கீழறைகளை அடைகின்றன. ஆதலால் மணிக்கட்டிலே நாடி பார்ப்போருக்கு ஒன்று விரைந்தும், ஒன்று தாழ்ந்தும், ஒன்று தவறியும், எந்த முறைக்கும் அடங்காத துடிப்புத் தெரியும். இவ்வொழுங்கற்ற நாடியை மருத்துவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதற்குக் காரணம் சோணையறைகளின் நடுக்கமே என்பதை, ஒல்லாந்து நாட்டு ஐன்தோவன் அமைத்த மின்வரைவுக் கருவியின் துணைகொண்டு, 1909ஆம் ஆண்டில் இலண்டனில் தோமஸ் லூயிஸ் தெளிவுபடுத்தினார்.

முதுமை, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், மதுப்பழக்கம், கேடயச்சுரப்பி மிகுதியாகச் சுரத்தல், சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலாற் பழுதுற்ற இருதய வால்வு என்பன இந்நோய்க்கு வழிவகுக்கும். சிலருக்குப் படபடப்பும் களைப்பும் உண்டாகும். வேறு சிலருக்கு யாதொரு குறியும் இராது.

படபடப்பு நோயாளியை அச்சுறுத்துகின்றது. ஆயினும் மெய்யான ஆபத்து ஓசையின்றி வருவது. சுருங்காது நடுங்கும் அறையில் இரத்தம் தேங்குகின்றது. இடச் சோணையறையிலே காதுமடல் போன்ற ஒரு சிறு பையுண்டு. தேங்கிய இரத்தம் பெரும்பாலும் அங்கேதான் உறைகின்றது. அவ்வுறைகட்டி பெயர்ந்து மூளைக் குழாயை அடைத்தால், அதுவே பாரிசவாதம். ஏனையோரினும் இந்நோயாளருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகும். உறைதலைத் தடுக்குங் குளிசைகள் அவ்வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கின்றன. அவ்வேலையைச் செய்வதாக நிறுவப்பட்ட கீரையோ, பழமோ, போத்தலில் அடைத்த சத்தோ எதுவுமில்லை.

இந்நோயுள்ள எல்லோருக்கும் அக்குளிசை வேண்டியதில்லை. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்னர் வந்த பாரிசவாதம், வால்வின் நிலை முதலியவற்றைக் கணக்கிட்டே வைத்தியர் முடிவு செய்வார். ஆனால் வேண்டுமென்று அவர் முடிவு செய்தபின், அதை நாமாக நிறுத்துதல் தகாது. நாடி சீர்பட்டதென்று தோன்றினும் அதுவே விதி.

எலிநஞ்சுக் கதை

அயலவர் சொன்னது முழுப்பொய்யன்று, பாதி உண்மை. பாதி உண்மையே அதிகம் கெடுக்கின்றது.

1920களில் வட அமெரிக்கச் சமவெளிகளில், பழுதுற்ற இனிப்புக் குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் பெருகி இறந்தன. 1933ஆம் ஆண்டின் குளிர்காலத்திலே, கமக்காரர் ஒருவர் இறந்த பசுவொன்றையும், உறையாத இரத்தம் நிறைந்த பாற்பாத்திரத்தையும் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே காள் போல் லிங்க் என்னும் இரசாயன அறிஞரின் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்து அப்புல்லிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் ஆக்கப்பட்டதே வார்பரின். ஆராய்ச்சிக்குப் பணம் உதவிய விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே அதன் பெயரிலும் முன்னிற்கின்றன. 1948ஆம் ஆண்டில் அது எலிநஞ்சாக விற்பனைக்கு வந்தது உண்மையே. 1954ஆம் ஆண்டில் மனிதருக்குரிய மருந்தாக அங்கீகாரம் பெற்றது. மறு ஆண்டே, இருதய நோயுற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு அது கொடுக்கப்பட்டது.

எலி அளவின்றித் தின்று சாகின்றது. மனிதரோ இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, அளந்து உட்கொள்கின்றனர். நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு பல வேளைகளில் அளவு ஒன்றேயாம். உப்பும் அவ்வாறானதே.

கீரை பகையன்று

இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில பொருள்களை ஈரல் ஆக்குவதற்கு 'கே' விற்றமின் தேவை. டென்மார்க் தேசத்து ஹென்றிக் டாம் அதனைக் கண்டறிந்தமைக்காக 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசிற் பங்கு பெற்றார். வார்பரின் அவ்விற்றமினின் வேலையைத் தடுத்தே பயன் தருகின்றது. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, பசளி, அகத்தி முதலிய இலைகளிலே அவ்விற்றமின் நிறைய உண்டு. ஆதலால் கீரை மிகுந்தால் குளிசையின் வலிமை குறையும்; கீரை குறைந்தால் குளிசையின் வலிமை மிகும்.

இதிலிருந்து கீரையைத் துறக்கவேண்டும் என்று முடிவு கட்டுவது தவறு. நிலையாக உண்ணவேண்டும் என்பதே சரியான முடிவு. தராசின் ஒரு தட்டிற் கீரையும் மறுதட்டிற் குளிசையும் இருக்கின்றன எனக் கொள்வோம். நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு கீரை உண்பவருக்கு, அதற்கேற்ற அளவு குளிசையை வைத்தியர் அமைத்துக் கொடுப்பார். ஐ.என்.ஆர். எனப்படும் இரத்தச் சோதனை அதற்காகவே செய்யப்படுகின்றது. குளிசை உட்கொள்ளாதோருக்கு அது ஏறத்தாழ 1 ஆக இருக்கும். இந்நோயாளருக்குப் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் இருத்தல் வேண்டும். ஒரு கிழமை கீரையே இல்லாமலும், மறு கிழமை மூன்று வேளையும் இலைக்கஞ்சியும் வறையுமாகவும் உண்பவருடைய தராசை எவராலும் நிறுத்த முடியாது.

என் சிறிய தந்தையாரைக் குளிசையா, முருங்கையிலையா என்று தெரிவு செய்யும்படி ஒருவரும் கேட்டிருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் அவர் தட்டில் இடமிருந்தது. இதனை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

அபிக்சபான், றிவறொக்சபான் போன்ற புதிய குளிசைகள் கீரையோடு முரண்படுவதில்லை. ஆயினும் அவை எல்லோருக்கும் பொருந்தா. வாதக்காய்ச்சலால் வால்வு கடுமையாகச் சுருங்கியோருக்கும், உலோக வால்வு பொருத்தப்பட்டோருக்கும் வார்பரின் வகையே இன்றும் உரியது. வாதக்காய்ச்சல் வழிவந்த இருதய நோயாளரிடையே நடத்தப்பட்டு 2022ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய ஆய்வொன்றும் இதனை உறுதிப்படுத்திற்று. ஆகவே கீரைக் கணக்கு நம் வீடுகளில் இன்னும் பழங்கதையாகவில்லை.

விரத நாட்கள்

நம்மவர் தனியாகக் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. கந்தசஷ்டி போன்ற விரதங்களில் ஆறு நாட்கள் உணவை விட்டோ குறைத்தோ இருந்து, பாறணையன்று கீரையும் கறிகளுமாக நிறைய உண்போர் பலர். வார்பரின் உட்கொள்பவர் உணவின்றி இருக்கும் நாட்களிலே இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்தன்மை அடைந்து உட்கசிவு உண்டாகலாம். பாறணையின் பின் தராசு மறுபுறம் சாயலாம். றிவறொக்சபானின் 15, 20 மில்லிகிராம் குளிசைகளோ உணவோடு உட்கொண்டாலன்றி நன்கு உறிஞ்சப்படா. வெறுவயிற்றில் விழுங்கினால் பயன் குறையும்.

விரதத்துக்கு இரண்டு கிழமைகளுக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு பேசுதல் நன்று. ஒருவேளை உணவோடு விரதங் காப்பதும் நம் மரபில் உள்ளதே. நோயுற்ற உடம்பை வருத்துமாறு இறைவன் கேட்பதாக நான் கருதவில்லை.

உணவினால் ஆகக்கூடியவை

அப்படியாயின் உணவினாற் பயனே இல்லையா? உண்டு. உறைகட்டியைத் தடுக்கும் வேலையைக் குளிசைக்கு விட்டுவிட்டால், நோய் மீண்டும் மீண்டும் வருவதைக் குறைக்கும் வேலையில் உணவு பெருந்துணையாகும்.

முதலாவது, உடலின் நிறை. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில், இந்நோயுள்ள பருத்த உடலினர் 355 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2015ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நிறையில் நூற்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேல் குறைத்து, அதனைக் காத்துக்கொண்டவர்கள், மற்றவரினும் ஏறத்தாழ ஆறு மடங்கு வாய்ப்போடு நோய் திரும்பாது வாழ்ந்தனர். குவித்த சோற்றைக் குறைத்து, மரக்கறியைக் கூட்டி, தேநீரிற் சீனியை நிறுத்தி, மாலையில் நடப்பதற்கு வெளிநாட்டுப் போத்தல் எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவது, மது. அதே நாட்டில் 140 நோயாளரிடையே நடந்து 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்விலே, வழக்கம்போற் குடித்தோருள் நூற்றுக்கு 73 பேருக்கு ஆறு மாதத்துள் நோய் மீண்டது. குடியை விட முயன்றோருள் 53 பேருக்கே மீண்டது. சாராயமாயினும் கள்ளாயினும் இருதயம் வேறுபாடு பார்ப்பதில்லை.

மூன்றாவது, உப்பு. உயர் இரத்த அழுத்தமே இந்நோயின் பெருங்காரணங்களில் ஒன்று. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குட்பட, உப்பு இருத்தல் நன்றென உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், மிக்சர் ஆகியவற்றோடு, உப்பென்றே நாம் எண்ணாத பாணும் இக்கணக்கிற் சேரும்.

கோப்பி குடிப்போருக்கு ஒரு நற்செய்தி. நெஞ்சு படபடப்பவர் கோப்பியைத் தொடலாகாதென்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். மின்னதிர்வினாற் சீராக்கப்பட்ட 200 நோயாளரிடையே நடந்து 2025ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலே, நாளொன்றுக்கு ஒரு கோப்பையேனும் குடித்தோருள் நூற்றுக்கு 47 பேருக்கும், கோப்பியை விட்டோருள் 64 பேருக்கும் ஆறு மாதத்துள் நோய் திரும்பியது. கோப்பி மருந்து என்பது இதன் பொருளன்று. அளவான கோப்பி பகையன்று என்பதே. குடித்தாற் படபடப்பதாக உணர்பவர் விட்டுவிடலாம்.

போத்தலில் வருஞ் சத்துக்கள்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அன்போடு அனுப்பும் பொதிகளில் இன்று சத்துக் குளிசைகள் தவறுவதில்லை. அன்பைக் குறை கூறேன். குளிசைகளைப் பற்றி மட்டும் சொல்வேன்.

மீனெண்ணெய் இருதயத்துக்கு நல்லதென்று பேர் பெற்றது. ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டி 2021ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடு, அதிலுள்ள ஒமேகா-3 சத்தை நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் உட்கொண்டோருக்கு இந்நோய் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி மடங்கு கூடிற்று என்று காட்டியது. அதே ஆண்டில், 25,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த வேறோர் ஆய்விலே, சிறிய அளவு ஒமேகா-3 சத்தும், 'டி' விற்றமினும் இந்நோயைத் தடுக்கவில்லை என்பது தெரிந்தது. தட்டிலுள்ள மீனுக்கு இக்குற்றம் இல்லை.

மக்னீசியம் இருதயத்துக்கு வேண்டியதே. தவிடு நீக்காத அரிசி, பயறு, உழுந்து, எள்ளு, கச்சான் என்பவற்றில் அது உண்டு. இரத்தத்தில் அது குறைந்தோருக்கு வைத்தியர் கொடுப்பார். குறையாதோர் தாமாக விழுங்கினால் இந்நோய் தீருமென்பது நிறுவப்படவில்லை. சிறுநீரகம் பழுதுற்றோருக்கு அது உடலிற் சேர்ந்து தீங்கு செய்யும். இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியமும் அவ்வாறே. சிறுநீரக நோயாளரும், சில இரத்த அழுத்தக் குளிசைகளை உட்கொள்வோரும் அதன் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

கறியில் இடும் மஞ்சளும் உள்ளியும் இஞ்சியும் அஞ்சத்தக்கன அல்ல. அவற்றின் சாரத்தைச் செறிவாக்கி அடைத்த குளிசைகள், உறைவைத் தடுக்கும் மருந்தோடு சேரும்போது இரத்தக் கசிவைக் கூட்டலாம். கஷாயங்களிற் சேரும் அதிமதுரத்தை நாள்தோறும் உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயர்ந்து பொட்டாசியம் குறையும். 'டிஜொக்சின்' உட்கொள்வோருக்கு அது பேராபத்து. நாட்டு வைத்தியத்தை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த டிஜொக்சினும் செடியிலிருந்து பிறந்ததே. மூலிகைக்கு வலிமையுண்டு என நம்புகிறவர், அவ்வலிமை தீங்கும் செய்யும் என்பதையும் நம்பத்தான் வேண்டும்.

திருக்குறளின் 95ஆவது அதிகாரம் 'மருந்து'. உணவே மருந்து என்போர் அதனையே துணைக்கழைப்பர். முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்து வேண்டாம் என்று அதில் வள்ளுவர் கூறுவது உண்மையே. ஆனால் அவ்வதிகாரம் அங்கே முடியவில்லை. நோயின் காரணத்தை ஆராய்வதைச் சொல்லி, நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என்னும் நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்று முடிகின்றது. அன்று விறாந்தையில் நான் அதிகாரத்தின் முற்பாதியை மட்டும் நினைவிற் கொண்டேன்.

வீட்டில் இந்நோயுள்ள பெரியவர் இருப்பின், அவர் உட்கொள்ளும் குளிசை, கஷாயம், சத்துப் போத்தல் அனைத்தையும் ஒரு பையிலிட்டு, அடுத்த கிளினிக்குக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். மலம் கருத்தாலோ, சிறுநீரிலோ பல்முரசிலோ இரத்தம் கண்டாலோ தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, விடியட்டும் என்று பாராது 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

என் சிறிய தந்தையார் இன்று தடியூன்றி நடக்கிறார். வார்பரின் உட்கொள்கிறார், முருங்கையிலை வறையும் உண்கிறார், நாள்தோறும் ஓர் அகப்பை. கோயிலிற் புராணம் படிக்கும் நாட்களில் முன்போல வந்து அமர்கிறார். பயன் சொல்பவர் இப்பொழுது வேறொருவர். பொருள் எங்கேனும் தவறினால் அவர் தலை அசைகின்றது, சொல்தான் வருவதில்லை. என்னை அவர் ஒருபொழுதும் நொந்துகொண்டதில்லை.

மாணவர்களே, உங்களிடமும் ஒருநாள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, நீ படித்தவன், சொல்லு என்று கேட்பார். "எனக்குத் தெரியாது, நாளைக்கு இருவருமாகப் போய் வைத்தியரிடம் கேட்பம்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதற்கு எனக்கு அன்று அரை நிமிடம் போதுமாயிருந்தது.